பாவகடா சூரிய மின் பூங்கா

பாவகடா சூரிய மின் பூங்கா என்பது இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், தும்கூர் மாவட்டத்தில் அமைந்துள்ள 2050 மெகாவாட் திறன் கொண்ட மின் உற்பத்தி வளாகம் ஆகும். 2018 இல் தொடங்கி வைக்கப்பட்ட இது 2019 இல் முழுத்திறனை எட்டியது. வறட்சி மிகுந்த ஐந்து ஊர்களின் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தில் பரந்துள்ளது.

பொருளாதார விளைவுகள்

இந்நிலம் விலைக்கு வாங்கப்படாமல் விவசாயிகளிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்குப் பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் எனக் குத்தகைத் தொகையும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வும் வரையறுக்கப்பட்டன. இதனால் மழை பொய்த்தாலும் நில உரிமையாளர்களுக்கு வருமானம் கிடைக்கிறது. நிலவுடைமையும் அவர்களிடமே உள்ளது.

நிலமற்ற விவசாயக் கூலிகளுக்குக் குத்தகையில் பங்கில்லை. வயல்வேலையும் மேய்ச்சல் நிலமும் குறைந்தன. கட்டுமானம் முடிந்தபின் தகடுகளைத் துடைத்தல், புல் வெட்டுதல், காவல் போன்ற சில பணிகளே எஞ்சின. ஆகவே, இத்திட்டத்தின் பயன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் நிலத்தின் அளவைப் பொறுத்தே அமைந்தது.