பேனருக்கு மட்டும் வேதியியலா?

வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபல் வாங்கியபோது சிதம்பரத்துக்காரர்கள் நாம் ஆடித் தீர்த்தோம். மூன்று வயதிலேயே பரோடா போய்விட்ட பிள்ளை. பட்டம் வாங்கியது இயற்பியலில். போகட்டும்.

அதே வேதியியலை இங்கேயே இருந்து செய்பவரிடம் மட்டும் "இதனால் என்ன சார் பிரயோஜனம்?" என்கிறோம். கடலூர்ப் பக்கம் இன்னும் மோசம். கெமிஸ்ட்ரி என்றாலே சிப்காட் நாற்றம்தான் ஞாபகம் வரும். கோபம் நியாயமானது, ஆனால் ஆய்வகத்தில் நிற்பவர் என்ன செய்வார்?

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பழனியாண்டவரைத் தெரியுமா? செப்புச் சேர்மங்கள் டி.என்.ஏ.வைப் பற்றிப் புற்றுசெல்லை எப்படிக் கொல்கின்றன, இரும்பை வைத்து நொதி மாதிரி வினையூக்கி செய்யலாமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். எந்தத் தெருவில் அவருக்குப் பேனர் வைத்தோம்?

பிரயோஜனம் கேட்பவர்களே, சிஸ்பிளாட்டின் 1840களிலேயே செய்யப்பட்ட பிளாட்டினச் சேர்மம். 1960களில் ரோசன்பர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். செல்கள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அமெரிக்காவில் அது புற்றுநோய் மருந்தானது 1978இல்.

என் பழைய மாணவி ஒருத்தி உலோகச் சேர்மத்தில்தான் ஆய்வு செய்கிறாள். உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. போன வாரம் கேட்டாள்: "சார், பேசாம பி.எட். சேர்ந்துடட்டுமா?"