சோதிக்காத கசடு வயலில் இறங்கக் கூடாது

பிசான நடவுக்கு மடையைத் திறந்தால் நெல்லையின் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் நுரையும் பாலித்தீன் பையும்தான் முன்னால் வருகின்றன. நடவுப் பெண்கள் அந்தச் சேற்றில்தான் முழங்கால் புதைய நிற்கிறார்கள். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது குறித்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடில் என்ன இருக்கிறது என்று கேட்பாரில்லை.

டையாக்சின், பி.சி.பி., டி.டி.டி. போன்ற ரசாயன நஞ்சுகள் எல்லாம் தண்ணீரில் எளிதில் கரையாதவை. கொழுப்பிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்பவை. கழிவுநீர் தெளியத் தெளிய, நஞ்சு அடிக்கசடில் சேரும். அதை உரமென்று போட்டால் பல பத்தாண்டுகள் மண்ணை விட்டுப் போகாது. புல்லில் ஒட்டிய மண்ணோடு மாட்டின் வயிற்றுக்குப் போகும், பிறகு பாலுக்கு வரும். சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டையாக்சின் இருந்ததை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-லேயே எழுதினார்கள். பசும்பால் வழியாக வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். நெல்லையின் குப்பைக் கிடங்கும் சுத்திகரிப்பு நிலையமும் ராமையன்பட்டியில்தான் இருக்கின்றன. குப்பை தீப்பிடித்துப் புகையும்போது பிறப்பதும் அதே டையாக்சின்தான்.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. டையாக்சினுக்கும் பி.சி.பி.க்கும் அதில் வரம்பே கிடையாது. இத்தகைய நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-ல் ஏற்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த அரசு, சொந்த உழவனின் வயலுக்கு ஒரு வரம்பு எழுதாமல் இத்தனை ஆண்டு கடத்தியிருப்பது மன்னிக்க முடியாத பொறுப்பின்மை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கசடு இட்ட நிலங்களில் பிஃபாஸ் (PFAS) என்னும் ரசாயன நஞ்சேறிப் பண்ணைகள் நொடித்தன. 2022-ல் கசடு இடுவதையே தடைசெய்தார்கள். பண்ணைகள் நொடித்த பிறகுதான் நமக்கும் விழிப்பு வருமா? உரம் விற்கிற விலையில், மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் போடும் விவசாயி மேல் பழி சொல்ல யாருக்கும் வாயில்லை.

மத்திய வேளாண் அமைச்சகம் இந்த நஞ்சுகளுக்கு வரம்பு விதிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ராமையன்பட்டிக் கசடையும் பாளையங்கால்வாய்ப் பாசன மண்ணையும் சோதித்து, முடிவை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். கால்வாயில் விழும் சாக்கடை வாய்களை மாநகராட்சி உடனே அடைக்க வேண்டும். அதுவரை ஒரு டிராக்டர் கசடுகூட வயலில் இறங்கக் கூடாது.