கடிதம் செல்லும் வழி

ஊர் விட்டு வந்து வாழும் நமக்குக் கடிதத்தின் அருமையை எவரும் சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு டாம் ஜென்னிங்ஸ் என்பார் தொடங்கிய ஃபைடோநெட் அமைப்பும் கடிதப் போக்குவரத்துக்கென எழுந்ததே. ஆர்வலர் சிலர் தத்தம் வீட்டுக் கணினியில் அறிவிப்புப் பலகை நடத்தினர். கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களை ஒப்படைக்கும்.

முதலில் பெறுவோரின் நிலையத்தையே நேரே அழைத்தனர். 1985-இல் முறை மாறிற்று. ஓர் ஊருக்குரிய கடிதங்கள் யாவும் ஒரே அழைப்பில் அவ்வூர்த் தலைமை நிலையத்தை அடைய, அது உள்ளூரில் பகிர்ந்தளித்தது. செலவு குறைந்தது; பொறுப்போ கூடிற்று. இன்ன முகவரிக் கடிதம் இன்ன நிலையம் வழியே செல்க என நடத்துவோர் விதி எழுதி வைத்தல் வேண்டும். தனி விதி இல்லாதவற்றுக்குப் பொதுவழி ஒன்றும் வேண்டும். இரு நிலையத்தார் அப்பொதுவழியை ஒருவரையொருவர் நோக்கி அமைத்துவிட்டால் கடிதம் இடையிலே அலையும், உரியவரைச் சேராது.

ஆகவே புது விதி எழுதியவர் சோதனைக் கடிதம் ஒன்று அனுப்பிப் பார்த்தல் நலம். இடைநிலையங்கள் அதன் அடியில் பதிக்கும் வரிகள், அஞ்சல் முத்திரைபோல், சென்ற வழியைக் காட்டும்.

இன்று இவ்வமைப்பு பெரும்பாலும் இணையம் வழியே, சிறிய அளவில் நடைபெறுகிறது. ஊதியமின்றிப் பிறர் கடிதம் சுமப்போரின் கவனமே அதன் உயிர். ஊருக்குச் செல்பவரிடம் நாம் கொடுத்தனுப்பும் பொட்டலமும் அத்தகைய கவனத்தால் அன்றோ வீடு சேர்கிறது?