வீட்டுத் தோட்டம்: வைகாசி பிறக்கட்டும்

சித்திரைப் புத்தாண்டுக்குப் பொங்கிப் படைத்த கையோடு குளிரங்கிகளைத் துவைத்து அலுமாரியின் மேற்தட்டில் ஏற்றிவிடுவது யேர்மனியில் வாழும் எம்மிற் பலரது வழக்கம். மறுவாரமே அவற்றை இறக்குவதும் வழக்கந்தான். ஏப்ரல் தன் மனம்போனபடி நடக்கும் என்று இந்நாட்டவரே சொல்லிச் சிரிப்பர். அங்கியை நாம் மீண்டும் எடுத்து அணியலாம். வெளியே நட்ட மிளகாய்க் கன்றுக்கு அவ்வசதி இல்லை.

2024 ஆம் ஆண்டில் இதனைப் பட்டறிந்தோம். 1991 இல் அம்மா ஊரிலிருந்து கைப்பையிற் கொண்டுவந்த மிளகாய் விதையை, ஆண்டுதோறும் பழத்திலிருந்து எடுத்துக் காத்து வருகின்றோம். அவ்வாண்டும் மாசியிலே வெறுந் தயிர்ப் பேணிகளில் விதைத்து, வெப்பமூட்டிக்கு மேலுள்ள யன்னற்கட்டில் வைத்து வளர்த்தோம். ஏப்ரல் தொடக்கம் கோடையை ஒத்திருந்தது. பொறுமையிழந்து 18 கன்றுகளையும் தோட்டத்தில் நட்டோம். வேலிக்கு அப்பால் நின்ற முதிய யேர்மனியப் பெண்மணி, "சோபி இன்னும் வரவில்லையே" என்றார். எவரோ விருந்தினர் போலும் என எண்ணித் தலையாட்டிவிட்டு வந்தோம். ஏப்ரல் 22 ஐ ஒட்டிய இரவுகளில் உறைபனி இறங்கியது. பல மாநிலங்களில் ஆப்பிளும் திராட்சையும் கருகின. எமது கன்றுகள் வெந்நீர் ஊற்றிய கீரைபோற் சுருண்டு கிடந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

சோபி என்பவர் ஒரு புனிதர். மே 11 முதல் 15 வரையுள்ள நாட்கள் பனிப் புனிதர்களின் நாட்கள் எனப்படும். அவற்றுள் இறுதிநாள் 'குளிர்ந்த சோபி'யினுடையது. அந்நாள் கழியும்வரை குளிர் தாங்காப் பயிரை இங்குள்ள தோட்டக்காரர் வெளியே நடுவதில்லை. எம்மவர் இதனை மனத்திற் கொள்வது எளிது: வைகாசி பிறப்பதும் ஏறத்தாழ அந்நாளிலேதான். 1582 இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது 10 நாட்கள் விடுபட்டமையால், மேலும் ஒரு வாரம் பொறுப்போரும் உளர். மே 18 இல் எம் மனம் தோட்டத்தில் நில்லாது. முள்ளிவாய்க்கால் நினைவுநாள் கழிந்தபின் நடுவதே எமக்கும் ஒத்துவருகின்றது.

வானிலை அறிக்கை 3 பாகை என்றால் அச்சமில்லை என எண்ணவேண்டாம். அது நிலத்துக்கு 2 மீற்றர் மேலே அளக்கப்படுவது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் மண்ணையொட்டிய குளிர் உறைநிலைக்குக் கீழே போய்விடும். முகில் மூடிய இரவே கன்றுக்குப் போர்வை. கத்தரி, மிளகாய், பாகல் ஆகியன 10 பாகைக்குக் கீழேயே வாடத் தொடங்கும். கறிவேப்பிலைச் சாடியையும் அதுவரை வீட்டினுள்ளேயே வைத்திருத்தல் நன்று. வெளியே நடுமுன் ஒரு வாரம், பகலில் நிழலான இடத்தில் சிறிது நேரம் வைத்துப் பழக்கவேண்டும். யன்னலடியில் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் விட்டால் இலை வெளுத்துவிடும்.

அதுவரை கை சும்மா இருக்கவேண்டியதில்லை. வெந்தயம், மல்லி, முள்ளங்கி, வெங்காயம் ஆகியன இக்குளிரைத் தாங்கும். மல்லியோ கோடையிலும் பார்க்க இப்போதுதான் நன்றாகத் தழைக்கும். வெக்கை வந்தால் உடனே பூத்துவிடும்.

அவ்வாண்டு விதைப்பேணியின் அடியில் எஞ்சியிருந்த விதைகளை மீண்டும் இட்டோம். 4 முளைத்தன. புரட்டாதியிலேதான் பழுத்தன. கறிக்கு ஒரு காயேனும் பறிக்க அம்மா விடவில்லை. அத்தனையும் விதைக்கே சென்றன. இவ்வாண்டு யன்னற்கட்டில் 26 பேணிகள் நிற்கின்றன. திரைச்சீலையை இழுத்துமூட இடமில்லை.