எந்தக் கிளையைப் பார்த்துப் புள்ளி போட்டோம்?

ஐ.சி.டி. படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்காக இதை எழுதுகிறோம். மற்றவர்களும் வாசிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். கட்டளைகளை உச்சரிப்பில் தமிழில் எழுதியிருக்கிறோம், கணினியில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நோன்பு விடுமுறைக்கு முன்னர் உயர்தரப் பிள்ளைகளின் குழுச் செயற்றிட்டங்களுக்குப் புள்ளி போட்டோம். ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர், குழுக்கள் ஏழு. பெண்ட்ரைவில் "புதியது", "புதியது 2", "கடைசி" என்று கொப்பிகள் குவிந்து கிடந்த காலம் போய், இந்த முறை எல்லாக் குழுவும் கிட்டில் வேலை செய்தது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு குழு பாடசாலை நூலகத்துக்கு ஒரு மென்பொருள் செய்திருந்தது. புத்தகம் இரவல் கொடுக்கும் பக்கம் இருந்தது. திருப்பி எடுக்கும் பக்கம் இல்லை, தண்டப்பணம் கணக்குப் பார்க்கும் பகுதியும் இல்லை. வேறு எங்காவது வைத்திருக்கிறார்களோ என்று 'கிட் பிராஞ்ச்' அடித்துப் பார்த்தோம். மெயின் என்று ஒரே ஒரு வரி வந்தது. பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்து 38 புள்ளி போட்டோம்.

விடுமுறை முடிந்து முதல் நாள், அந்தக் குழுவில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். "தண்டப்பணம் நாங்க செஞ்சம் தானே சேர், நீங்க பாக்கல்லயா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

வேலை இருந்தது. முழுதாக இருந்தது. மெயினோடு சேர்க்காமல் வேறு ஒரு கிளையில் இருந்தது. நாங்கள் அதைப் பார்க்காததற்குக் காரணம், கிட்டை இரண்டு வருடமாகப் படிப்பித்த எங்களுக்கே அடிப்படை ஒன்று சரியாகப் பிடிபடாமல் இருந்ததுதான். பிள்ளைகளின் களஞ்சியத்தை குளோன் செய்தால் நம் கணினியில் வழமையாக ஒரே ஒரு கிளைதான் உள்ளூர்க் கிளையாக உருவாகும். மற்றக் கிளைகள் எல்லாம் வந்திருக்கும், ஆனால் 'ஒரிஜின்' என்ற முன்பெயரோடு வேறு அடுக்கில் இருக்கும். வெறுமனே 'கிட் பிராஞ்ச்' என்று கேட்டால் உள்ளூர்க் கிளைகளை மட்டும் காட்டும். கூடவே சிறிய 'ஏ' போட்டிருந்தால் எல்லாம் வந்திருக்கும். ஒரு எழுத்துக்காக 38.

எங்கள் கருத்து இதுதான்: எட், கொமிட், புஷ் என்ற மூன்றையும் படிப்பித்துவிட்டு கிட் முடிந்தது என்று நாம் எழும்பிவிடுகிறோம். பெயர்களைப் பார்க்கப் படிப்பிப்பதில்லை. ஒரு களஞ்சியத்தில் என்னென்ன கிளைகள், என்னென்ன டெக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தக் கொமிட்டைக் காட்டுகிறது என்று பட்டியல் எடுக்கத் தெரியாத ஆசிரியர் கிட்டை வைத்துப் புள்ளி போடக் கூடாது. நாங்கள் போட்டோம்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. புள்ளி கிட் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போய், அங்குள்ள மெயின் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டுங்கள். ஒரே ஒரு வரி, 40 எழுத்துகள். அது ஒரு கொமிட்டின் அடையாள எண். கிளை என்பது அவ்வளவுதான். புதிய கொமிட் செய்தால் அந்த வரி மாறும். டெக்குகள் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும், அவை கொமிட்டோடு நகர்வதில்லை. (பெயர்கள் கூடும்போது கிட் அவற்றை பெக்ட்-ரெஃப்ஸ் என்ற ஒரே கோப்பில் அடுக்கிவிடும். குளோன் செய்த இடத்தில் ஃபோல்டர் வெறுமையாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.) எங்கள் வகுப்பில் இதைக் காட்டிய அன்று, "இவ்வளவு தானா சேர்?" என்று ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான்.

இந்தப் பெயர்களைப் பட்டியலிட கிட்டில் ஒரு நல்ல கட்டளை இருக்கிறது: 'ஃபோர்-ஈச்-ரெஃப்'. பெயரைக் கண்டு ஓட வேண்டாம். எந்த அடுக்கைப் பார்க்க வேண்டும், எதன்படி வரிசைப்படுத்த வேண்டும், ஒவ்வொரு வரியிலும் எதைக் காட்ட வேண்டும் என்று மூன்றையும் நாமே சொல்லலாம். 'ஃபோர்மட்' என்று எழுதி, மேற்கோளுக்குள் சதவீதக் குறியும் அடைப்புக்குறியும் போட்டு, ரெஃப்நேம், கமிட்டர்டேட், ஓதர்நேம் என்று கேட்டால் கிளையின் பெயர், திகதி, எழுதிய பிள்ளையின் பெயர் மூன்றும் ஒரே வரியில் வரும். விண்டோஸின் கறுப்பு ஜன்னலில் ஒற்றை மேற்கோள் வேலை செய்யாது, இரட்டை மேற்கோள் போடுங்கள். இதற்காக நாங்கள் ஒரு பாடவேளையை முழுதாக இழந்தோம்.

'நோ-மேர்ஜ்ட்' என்று சேர்த்து மெயின் என்று கொடுத்தால் மெயினோடு இன்னும் சேராத கிளைகள் மட்டும் வரும். ரிமோட்ஸ் அடுக்கில் இதைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் தண்டப்பணக் கிளை முதல் வரியிலேயே வந்திருக்கும். புள்ளி போட உட்காரும் எந்த ஆசிரியரும் முதலில் அடிக்க வேண்டியது இதைத்தான் என்போம்.

டெக்குகளில் இரண்டு சிக்கல்கள். குறிப்போடு போடும் டெக் தனி ஒரு பொருள், அதற்குப் போட்டவர் பெயரும் திகதியும் உண்டு. சும்மா போடும் டெக் வெறும் பெயர். கமிட்டர்டேட் கேட்டால் முதல் வகைக்கு அந்த இடம் வெறுமையாக வரும், பிள்ளை ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். கிரியேட்டர்டேட் என்று கேட்டால் இரண்டுக்கும் திகதி வரும். மற்றது வரிசை. ஒன்றும் சொல்லாவிட்டால் பட்டியல் அகரவரிசையில் வரும். லினக்ஸ் கருவின் வெளியீட்டு டெக்குகளை அப்படி எடுத்தால் 6.10 என்பது 6.2க்கு முன்னால் வந்து நிற்கும். வேர்ஷன் ரெஃப்நேம்படி வரிசைப்படுத்தச் சொன்னால்தான் எண்களை எண்களாகப் பார்க்கும்.

இனித் திகதி. "திகதிப்படி வரிசைப்படுத்தினால் யார் நேரத்துக்குச் செய்தார்கள் என்று தெரியும்தானே" என்று நாங்களும் நினைத்தோம். அதே நூலகக் குழுவின் கிளையைத் திகதிப்படி எடுத்தபோது அது பட்டியலின் அடியில் போய்க் கிடந்தது. ஆண்டு 2009. அந்த வயதில் இந்தப் பிள்ளைகள் பேசப் பழகியிருப்பார்கள்! லெப்பில் மூலையில் உள்ள கணினியின் சீமொஸ் பற்றரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் போய் வந்தால் திகதி பின்னால் ஓடிவிடும். கிட் கணினியின் கடிகாரத்தைத்தான் நம்புகிறது. கடிகாரத்தை வேண்டுமென்றே மாற்றினாலும் அதையே எழுதும். வீட்டில் நல்ல மடிகணினி உள்ள பிள்ளைக்குச் சரியான திகதி, லெப் கணினியை நம்பியிருக்கும் பிள்ளைக்கு 2009 என்றால், அந்தத் திகதியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

ஆகவே இந்தத் தவணை முதல் முறையை மாற்றியிருக்கிறோம். ஒப்படைக்கும் நாள் பாடசாலை விட்டதும் ஏழு குழுக்களின் களஞ்சியத்தையும் ஃபெட்ச் செய்கிறோம். ஃபோர்-ஈச்-ரெஃப்பில் கிளைப் பெயரும் ஒப்ஜெக்ட்நேமும், அதாவது அந்த 40 எழுத்தும், வரும்படி பட்டியல் எடுத்து அச்சடிக்கிறோம். குழுத் தலைவர் பார்த்து, "சேர், இது விடுபட்டிருக்கு" என்று சொல்ல ஒரு நாள். பிறகு கையொப்பம். அதன்பின் கிளையில் யார் எதை மாற்றினாலும் அந்த எழுத்துகள் மாறும், தாளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கணினியின் திகதி என்ன சொன்னாலும் எங்களுக்குக் கவலையில்லை, தாளில் எங்கள் திகதி இருக்கிறது.

"இணையப் பக்கத்தில் கிளைகள் அழகாகத் தெரியுமே, இந்தக் கறுப்பு ஜன்னல் எதற்கு" என்று ஒரு நண்பர் கேட்டார். தெரியும்தான். ஏழு குழுவுக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க டேட்டா ரீலோட் யார் போடுவது? ஒரு முறை ஃபெட்ச் செய்துவிட்டால் பட்டியலை இணையம் இல்லாமலே எத்தனை முறையும் எடுக்கலாம். "இதெல்லாம் வினாத்தாளில் வராது" என்று இன்னொருவர் சொன்னார். அந்த 38 எந்த வினாத்தாளிலும் வரவில்லை, ஒரு பிள்ளையின் புள்ளி அறிக்கையில் வந்தது.

அந்தக் குழுவுக்கு மறுபடி புள்ளி போட்டோம். சேர்க்காமல் விட்டதற்கு எவ்வளவு குறைப்பது என்று எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மேர்ஜ் செய்வதும் வேலையின் ஒரு பகுதி, 10 குறைக்க வேண்டும் என்றார் ஒருவர். மேர்ஜை நாம் ஒரே ஒரு பாடவேளையில் அவசரமாகக் காட்டினோம், அதற்கு யாரிடம் குறைப்பது என்றார் மற்றவர். கடைசியில் 5 குறைத்து 74 கொடுத்தோம். முன்பு போட்ட புள்ளி பிழை என்று நால்வரிடமும் வகுப்பிலேயே சொன்னோம். மற்ற ஆறு குழுக்களின் களஞ்சியங்களிலும் அன்றே நோ-மேர்ஜ்ட் கேட்டுப் பார்த்தோம். இன்னும் இரண்டு கிளைகள் வந்தன. அவற்றை இந்த வாரம் பார்க்கிறோம்.