குட்டை மாடும் குடியிருப்போர் சங்கமும்

2024 ஜனவரியில், சங்கராந்தி சமயத்தில், பிரதமர் மோடி டில்லியில் தன் இல்லத்தில் குட்டை மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் நாடெங்கும் வெளியானது. அவை ஆந்திராவின் பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர் இனம். உயரம் மூன்றடிதான் இருக்கும். தீனி அதிகம் கேட்காது, வறட்சி தாங்கும். ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்ட இந்த இனத்தைப் பாதுகாப்பதில், சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் உள்ள பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்குண்டு. இன்று நல்ல கன்றின் விலை லட்சத்தில் பேசப்படுகிறது. வாங்க வருபவர்களில் வில்லா வாசிகளும் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கன்று வந்ததும் அதற்கு நிழல் வேண்டும். பின்பக்கக் காலியிடத்தில் நாலு கம்பி நட்டு, தகரம் போட்டு ஒரு கொட்டகை. மறுவாரம் சங்கத்திடமிருந்து நோட்டீஸ். "என் வீடு, என் மாடு, இவர்கள் யார்?" என்கிறார் உரிமையாளர். "இது கிராமமா?" என்கிறது சங்கம். இரண்டு கேள்விகளுமே தவறு.

அமெரிக்காவில் குதிரை வளர்ப்போருக்கென்றே குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கேயும் லாயம் கட்ட சங்கத்தின் அனுமதி தேவை. எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுவது, வேலி எப்படி இருக்க வேண்டும், சாணத்தை எங்கே கொட்டுவது என்று விதிகள் பேசுகின்றன. குதிரை வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. அது வீடு வாங்கும்போதே முடிவான விஷயம்.

நம் ஊரிலும் சட்டம் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம், 1972, கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் வேலையையோ புதிய கட்டுமானத்தையோ மற்ற எல்லா உரிமையாளர்களும் சம்மதித்தால்தான் அனுமதிக்கிறது. பெரும்பான்மை போதாது. தனி வில்லாவில் நிலம் உங்களுடையது. ஆனால் பத்திரத்திலும் சங்கத்தின் துணைவிதிகளிலும் போட்ட கையெழுத்தும் உங்களுடையது. கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் துணைவிதி உறுப்பினர்களுக்கிடையே ஒப்பந்தம் போன்றது என்று உச்ச நீதிமன்றம் 2005இல், அகமதாபாத் பார்சி சங்க வழக்கில், சொல்லியிருக்கிறது.

சங்கத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டக் கூடாது என்று நகராட்சி விதி சொன்னால், சங்கம் முழுவதும் கை தூக்கினாலும் கொட்டகை சட்டபூர்வமாகிவிடாது. செல்லப்பிராணிகளைச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது என்ற விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலைச் சிலர் நீட்டுவார்கள். அது நாய்களைப் பற்றியது. மாடு என்றால் உள்ளாட்சியின் உரிமம் என்ற கேள்வி வருகிறது; தமிழ்நாடு 1997இலேயே நகரங்களில் கால்நடை வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது.

அப்படியானால் என்ன செய்வது? வாங்குபவர் கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் துணைவிதிகளைப் படிக்க வேண்டும். கொட்டகையின் அளவு, இடம், கழிவுநீர் போகும் வழி இவற்றை வரைந்து, எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு அனுமதி செயலாளர் மாறியதும் காணாமல் போகும். சங்கமும் "மாடு கூடாது" என்று ஒரு வரியில் முடிக்காமல், எல்லைச் சுவரிலிருந்து தூரம், கூரையின் உயரம், சாணம் அகற்றும் நேரம் என்று அளக்கக்கூடிய விதிகளை எழுத வேண்டும். பதில் தர ஒரு கெடுவும் வேண்டும். முக்கியமாக, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைவர் வீட்டு மொட்டை மாடித் தகரக் கூரையைக் கண்டுகொள்ளாத சங்கம், மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கச் சொன்னால் யார் மதிப்பார்கள்?

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத தரப்பு ஒன்று உண்டு. புங்கனூர் மாடு மேய்ந்து திரிந்து, மந்தையோடு வாழ்ந்த மாடு. துணையில்லாமல், பத்தடிக் கயிற்றில், டைல்ஸ் தரையில் நிற்பதற்குச் சங்கம் அனுமதி தந்துவிடலாம். அதன் பிறகும் மாட்டிடம் ஒரு அனுமதி பாக்கியிருக்கிறது.