ஒரே தட்டில் பசியாறுவோம்

“பசியாறியாச்சா?” நம் ஊரில் நலம் விசாரிப்பதே இந்தக் கேள்வியோடுதான். பகாவ், ரந்தாவ், லாபு பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைப் பார்த்தால், வணக்கத்திற்கு முன்பே இது வந்துவிடும். ஆனால் எதைச் சாப்பிட்டுப் பசியாறினோம் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமா?

ரப்பர்த் தோட்டக் காலத்தில் விடியும் முன்பே பெரட்டு. காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே கோப்பியும் ரொட்டியும், இல்லாவிட்டால் பழைய சோறோ அவித்த மரவள்ளியோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அதன்பின் 400, 500 மரங்கள் வெட்ட வேண்டும். மேடு பள்ளத்தில் பால் வாளி சுமக்க வேண்டும். தின்ற மாவுச்சத்து மதியத்திற்குள் வியர்வையாகக் கரைந்துவிடும்.

இன்று ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் நெடுஞ்சாலை பிடித்துக் கோலாலம்பூர் போய், மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பசியாறல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சோற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு. கோப்பியில் ஊற்றும் இனிப்பு டின் பால் ஒரு மேசைக்கரண்டி என்றால், அதில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அதாவது, நம் வீட்டு மேசையில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு நாம் என்ன செய்கிறோம்? எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம். அப்பாவுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி. நல்ல எண்ணம்தான். ஆனால் தினமும் தனித் தட்டில் ‘நோயாளிச் சாப்பாடு’ சாப்பிட யாருக்குத்தான் பிடிக்கும்? பத்து நாள் பொறுத்துக்கொள்வார். பதினோராவது நாள் கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். குடும்பமே சாப்பிட ஆசைப்படுகிற ஒரு பதார்த்தத்தை மேசை நடுவில் வைத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

அதற்கு வசதியானது கேசரோல். பெயர்தான் புதிது. காய், முட்டை எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஊற்றிச் சுட்டு, துண்டு போட்டு எடுப்பது, அவ்வளவுதான். நெகிரி செம்பிலான் என்றாலே மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் சேர்ந்த மாசாக் லெமாக் நினைவுக்கு வரும். அந்தச் சுவையையே இதற்கும் கொண்டுவரலாம்.

முருங்கைக்கீரை முட்டை கேசரோல் (4 பேருக்கு)

முட்டை 8, ஆய்ந்த முருங்கைக்கீரை 2 கப், கெட்டியான தௌஹு 200 கிராம், பெரிய வெங்காயம் 1, சிலி பாடி 2, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, தேங்காய்ப்பால் அரை கப், கறிவேப்பிலை, மிளகுத்தூள், உப்பு.

வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, கீரையைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். தண்ணீர் வற்றியதும் தௌஹுவை உதிர்த்துப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். முட்டையைத் தேங்காய்ப்பால், மஞ்சள், மிளகு, உப்புடன் அடித்து இதில் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். நடுவில் கத்தியைக் குத்தினால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லையா? இட்லிப் பானையில் தட்டை வைத்து, மேலே இன்னொரு தட்டால் மூடி 25 நிமிடம் அவியுங்கள். ஒரு பங்கில் மாவுச்சத்து 10 கிராமுக்குள்தான் வரும். புரதமோ 15 கிராமுக்கு மேல். மதியம் வரை வயிறு தாங்கும்.

ஒரே சுவை சலித்தால், நீள நீளமாக அரிந்த முட்டைக்கோஸும் டின் சார்டினும் சேர்த்துப் பாருங்கள். சார்டினின் தக்காளிக் குழம்பை வடித்துவிடுங்கள். அதில் சர்க்கரையும் உப்பும் உண்டு. இன்னொரு நாள், காலிஃபிளவரை அரைவேக்காடாக அவித்து, கொஞ்சம் கறித்தூளும் வறுத்த நெத்திலியும் சேருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகாயைக் குறைத்து, மேலே சீஸ் துருவிப் போட்டால் கீரை இருப்பதே தெரியாமல் தட்டு காலியாகும்.

இதற்காகச் சோற்றையும் தோசையையும் வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கும் அதுதான்: தட்டில் பாதி காய்கறி, பழம், கால்வாசி மீன், முட்டை, இறைச்சி போன்ற புரதம், மீதிக் கால்வாசிதான் சோறோ ரொட்டியோ. ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு இந்தக் கேசரோலோடு ஒரு துண்டு ரொட்டியோ ஒரு வாழைப்பழமோ தாராளமாகக் கொடுக்கலாம். பதார்த்தம் ஒன்றுதான், பக்கத்தில் வைப்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு முக்கியமான விஷயம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். எனவே முதலில் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

“காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். இரவிலேயே எல்லாவற்றையும் கலந்து, தட்டை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனால், பிள்ளைகளின் பள்ளிப் பை தயாராவதற்குள் இதுவும் தயார். மீந்ததை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாம். அலுவலகத்திற்கும் கட்டிக்கொண்டு போகலாம்.

இன்று ஞாயிறு. கடைக்குப் போகும்போது ஒரு தட்டு முட்டை வாங்கி வாருங்கள். முருங்கை எப்படியும் பக்கத்து வீட்டு வேலியோரம் நிற்கும். நாளைக் காலை யாராவது “பசியாறியாச்சா?” என்று கேட்டால், அப்பாவும் பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்லட்டும்.